காத்திருக்காத கொட்டைகள்

குற்றாலத்தில் சீசன் என்றால் அருவி மட்டும்தானா? பழங்களும்தான்! ஊதா நிற மங்குஸ்தான், தலைமுடி முளைத்த மாதிரி ரம்புட்டான், முள்சட்டை போட்ட துரியன் என்று ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கடைகளில் குவிந்து கிடக்கும். அருவியில் நனைந்து, பல் தந்தியடிக்க வந்து, வாங்கித் தின்கிறோம். கொட்டையைத் துப்பிவிட்டு பஸ் ஏறிவிடுகிறோம். அந்தக் கொட்டைக்கு அதற்கப்புறம் என்ன ஆகிறது என்று யோசித்தது உண்டா குட்டீஸ்?

ஒரு வாரம், பத்து நாள். அதற்குள் ஈரமண் கிடைத்தால் பிழைக்கும். கிடைக்காவிட்டால் செத்துப்போகும். ஆமாம், கொட்டையும் சாகும்!

இதை இப்போது சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மரம் நடுவது பற்றிச் செய்தித்தாளில் அடிக்கடி படிக்கிறீர்கள். பசுமைத் தமிழ்நாடு இயக்கம் என்ற திட்டத்தைத் தமிழக அரசு 2022 செப்டம்பர் 24ல் வண்டலூரில் தொடங்கியது. அப்போது மாநிலத்தில் காடும் மரங்களும் சேர்ந்து ஏறக்குறைய 24 சதவீதப் பரப்பில்தான் இருந்தன. அதை 2030-31க்குள் 33 சதவீதமாக்க வேண்டும் என்பது குறிக்கோள். நாட்டின் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு மரங்கள் இருக்க வேண்டும் என்று 1988ல் வந்த தேசிய வனக் கொள்கை சொல்கிறது. அந்தக் கணக்குதான் இது.

24க்கும் 33க்கும் 9தானே வித்தியாசம் என்று நினைத்துவிடாதீர்கள். தமிழ்நாட்டின் பரப்பு சுமார் 1,30,000 சதுர கிலோமீட்டர். அதில் 9 சதவீதம் என்றால் 11,700 சதுர கிலோமீட்டர். தென்காசி மாவட்டம் மொத்தமே ஏறக்குறைய 2,900 சதுர கிலோமீட்டர்தான். அதாவது, குற்றாலம் மலை, சங்கரன்கோவில் கரிசல், வயல், ஊர், ரோடு எல்லாவற்றையும் சேர்த்து, தென்காசி மாதிரி நான்கு மாவட்டங்களை முழுக்க முழுக்க மரத்தால் மூட வேண்டும்! இத்தனை மரத்துக்கும் விதை வேண்டும். எந்த விதை, எப்போது, எப்படி என்பதில்தான் சூட்சுமம்.

தூங்கும் விதை, தூங்காத விதை

அம்மா சமையல் அறையில் பாசிப்பயறு டப்பா இருக்கும். ஒரு வருடம் கழித்து ஒரு கைப்பிடி எடுத்து ஊறப்போட்டாலும் முளைக்கிறது. நெல், கேழ்வரகு, வேப்பங்கொட்டை இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு கால அளவு உண்டு. பயறும் நெல்லும் தாய்ச்செடியிலேயே நன்றாகக் காய்ந்து, உடம்பில் இருக்கும் தண்ணீரையெல்லாம் வெளியேற்றிவிட்டு, தூங்கப் போய்விடும். தண்ணீர் பட்டால்தான் விழிக்கும்.

இந்தத் தூக்கம் எவ்வளவு நீளும் தெரியுமா? இஸ்ரேலில் மசாடா என்ற பழங்காலக் கோட்டையைத் தோண்டியபோது பேரீச்சங்கொட்டைகள் கிடைத்தன. சுமார் 2,000 ஆண்டுப் பழையவை. அவற்றில் சிலவற்றை 2005ல் நட்டுப் பார்த்தார்கள். ஒன்று முளைத்தேவிட்டது! மெத்தூசலா என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். பைபிளில் 969 ஆண்டு வாழ்ந்ததாகச் சொல்லப்படும் தாத்தாவின் பெயர் அது.

பலாக்கொட்டை இதற்கு நேர் எதிர். அதற்குத் தூங்கவே தெரியாது. பழத்துக்குள் இருக்கும்போதே ஈரம் நிறைந்து, எப்போது முளைக்கலாம் என்று துடித்துக்கொண்டிருக்கும். நன்கு பழுத்த பலாவை இரண்டு நாள் விட்டு வெட்டினால், உள்ளேயே சில கொட்டைகளில் முளை எட்டிப் பார்ப்பதைக் காணலாம். இப்படிப்பட்ட கொட்டையை வெயிலில் உலர்த்தினால், அதன் உள்ளே இருக்கும் செல்கள் தண்ணீர் இல்லாமல் சுருங்கிச் சிதைந்துவிடும். ஃப்ரிட்ஜின் உறைபெட்டியில் வைத்தாலும் பிழைக்காது. உள்ளே உள்ள தண்ணீர் பனிக்கட்டி ஊசிகளாக மாறி, செல்லைக் குத்திக் கிழித்துவிடும். மா, தென்னை, ரப்பர், ஜாதிக்காய், மங்குஸ்தான், துரியன் எல்லாமே இந்தக் கட்சிதான்.

இவை ஏன் இப்படி இருக்கின்றன? இவற்றில் பெரும்பாலானவை மழைக்காட்டுக் குடும்பத்துப் பிள்ளைகள். மழைக்காட்டில் தரை எப்போதும் ஈரம். பழம் விழுந்தவுடனே முளைத்துவிடலாம். காத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. தேவையில்லாத பழக்கத்தை எதற்குக் கற்றுக்கொள்ள வேண்டும்?

வெளிநாட்டிலும் இதற்கு ஓர் அண்ணன் உண்டு. ஆங்கிலப் படக்கதைகளில் அணில் ஒரு கொட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடுமே, தொப்பி போட்டது போல் இருக்குமே, அது ஓக் மரத்தின் கொட்டை. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் ஓக் இயற்கையாக வளர்வதில்லை. இமயமலையில் உண்டு. அந்தக் கொட்டையும் காய்ந்தால் போச்சு. ஆனால் அணிலும் ஜே என்ற பறவையும் குளிர்காலத்துக்குச் சேமிப்பதாக நினைத்து அதை மண்ணில் புதைத்து வைக்கின்றன. எல்லா இடத்தையும் நினைவில் வைத்திருக்க முடியுமா? மறந்துபோன கொட்டைகள் ஈரமண்ணில் பத்திரமாகக் கிடந்து, வசந்தத்தில் மரமாகக் கிளம்பிவிடுகின்றன. அணிலின் ஞாபகமறதியால் வளர்ந்த காடுகள் ஐரோப்பாவில் நிறைய!

பெட்டகத்தில் பலா இல்லை

நார்வே நாட்டின் ஸ்வால்பார்டு தீவில், பனிமலைக்குள் குடைந்த ஒரு பெட்டகம் இருக்கிறது. 2008ல் திறந்தார்கள். போர், வெள்ளம், பஞ்சம் எது வந்தாலும் உலகின் பயிர்கள் அழியக்கூடாது என்று, பல நாடுகளின் விதைகளை மைனஸ் 18 டிகிரி குளிரில் அங்கே சேமிக்கிறார்கள். நெல்லும் கோதுமையும் லட்சக்கணக்கில் தூங்குகின்றன. ஆனால் அங்கே பலாக்கொட்டையை வைக்க முடியாது. மாங்கொட்டையும் முடியாது. தேங்காயும் முடியாது. ஓக்கும் முடியாது. உலகத்திலேயே பெரிய விதைப் பெட்டகத்தால் நம் மாநிலப் பழத்தைக் காப்பாற்ற முடியவில்லை!

அப்படியானால் பலாவுக்கு எதுதான் பெட்டகம்? பலா மரம்தான். ஒரு நல்ல மரத்தை வெட்டிவிட்டால், அதன் கொட்டையை எங்கேயாவது டப்பாவில் வைத்திருக்கிறோம் என்று ஆறுதல் சொல்லிக்கொள்ள வழி இல்லை. அதுவும் பலாவில் ஒரு விசேஷம். கொட்டையிலிருந்து வரும் கன்று தாயைப் போலவே இருக்காது. நீங்களும் உங்கள் தம்பியும் ஒரே அம்மாவின் பிள்ளைகள், ஆனால் ஒரே மாதிரியா இருக்கிறீர்கள்? அது போலத்தான். அதனால் ஒவ்வொரு பலா மரமும் தனி. தோட்டக்காரர்கள் ஒரே சுவை வேண்டும் என்பதற்காக ஒட்டுக்கன்று வாங்குவதும் இதனால்தான். மங்குஸ்தான் இதில் விநோதமானது. மகரந்தச் சேர்க்கையே இல்லாமல் அதன் கொட்டை உருவாவதால், கன்று தாயை அச்சு அசலாகக் கொண்டு பிறக்கும்.

குற்றாலத்துக்கும் பலாவுக்கும் இருக்கும் உறவு ரொம்பப் பழையது. குற்றாலநாதர் கோவிலின் தலமரம் குறும்பலா. கோவிலுக்குத் தனிப் பதிகம், அந்த மரத்துக்குத் தனிப் பதிகம் என்று திருஞானசம்பந்தர் பாடியிருக்கிறார். ஒரு மரத்துக்கு இவ்வளவு மரியாதை!

இந்தத் தூங்காத கொட்டைகளால் வெள்ளைக்காரர்கள் பட்ட பாட்டையும் கேளுங்கள். மொலுக்கா தீவுகளில் அப்போது ஜாதிக்காயும் கிராம்பும் விளைந்தன. டச்சுக்காரர்களிடம் இருந்த அந்தத் தீவுகளை 1796ல் ஆங்கிலேயர் பிடித்தார்கள். விதையை மூட்டை கட்டி அனுப்பினால் வழியிலேயே செத்துவிடும் அல்லவா? கிறிஸ்டோபர் ஸ்மித் என்ற தாவர அறிஞர் கன்றுகளாகவே ஆயிரக்கணக்கில் கப்பலில் ஏற்றினார். அந்தக் காலத்தில்தான் குற்றாலத்திலும் கம்பெனி ஆட்கள் வாசனைப் பொருள் தோட்டம் போட்டுப் பார்த்தார்கள். மேற்கே செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்றும் சாரலும் வருவதால், தமிழ்நாட்டின் மற்ற ஊர்கள் வெயிலில் காயும்போதும் இங்கே ஈரம் இருக்கும் என்பதைக் கவனித்திருக்கிறார்கள்.

ரப்பர் கதை இன்னும் சுவாரசியம். ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் 1876ல் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டனில் உள்ள கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். அவசர அவசரமாக நட்டார்கள். முளைத்தவை 2,700 சொச்சம்தான். நூற்றுக்கு நான்கு கூட இல்லை. அந்தக் கன்றுகளின் வம்சம்தான் இலங்கை, மலேயா என்று ஆசியா முழுவதும் பரவியது. நம்மூர் ஆட்களைத் தோட்ட வேலைக்கு மலேயாவுக்குக் கப்பல் ஏற்றிய ரப்பர் அதுதான்.

நீங்களே பாருங்கள்

வீட்டில் பலாப்பழம் வெட்டும் நாளில் 20 கொட்டைகளைக் கேட்டு வாங்குங்கள். பாட்டி அவித்துத் தர வைத்திருப்பார். கொஞ்சம் கெஞ்சினால் தருவார்! வழவழப்புப் போகக் கழுவி, தண்ணீரில் போடுங்கள். மிதப்பது பெரும்பாலும் சொத்தையாக இருக்கும். விட்டுவிடுங்கள். பத்து கொட்டைகளை அன்றைக்கே நடுங்கள். மீதிப் பத்தை மொட்டைமாடியில் மூன்று வாரம் காயப்போட்டு, பிறகு நடுங்கள். இரண்டுக்கும் ஒரே மண், ஒரே நிழல், ஒரே அளவு தண்ணீர். அப்போதுதான் சோதனை நியாயமாக இருக்கும்.

பால் பாக்கெட் மாதிரி குட்டையான பை வேண்டாம். பலா முதலில் கீழே ஒரே நீளமாக ஆணிவேர் விடும். குட்டைப் பையில் அது வளைந்து சுருண்டுவிட்டால் மரம் கடைசி வரை தள்ளாடும். உயரமான பை, அடியில் நாலைந்து ஓட்டை. செம்மண், மணல், மக்கிய சாணம் கலந்து நிரப்பி, கொட்டையைப் படுக்கைவாட்டில் ஓர் அங்குல ஆழத்தில் வையுங்கள். மண் ஈரமாக இருக்க வேண்டும், சேறாக இருக்கக் கூடாது. இரண்டு, மூன்று வாரத்தில் முளை வரத் தொடங்கும். எது எத்தனை முளைத்தது என்று நோட்டில் தேதியோடு எழுதி வையுங்கள்.

ஒரு விஷயம். விதைப்பந்து கேள்விப்பட்டிருப்பீர்கள். களிமண்ணில் விதையை வைத்து உருட்டி, நிழலில் காயவைத்து, மழைக்கு முன் வீசுவார்கள். பள்ளிகளில் ஆயிரக்கணக்கில் உருட்டுகிறார்கள். தூங்கும் விதைகளுக்கு அது சரிதான். பலாவையோ மாவையோ அப்படி உருட்டிக் காயவைத்தால், அது விதைப்பந்து அல்ல, விதைச் சமாதி!

மிச்சமான துரியன் கொட்டையைக் காட்டுக்குள் எறிந்தால் காடு வளருமே என்று சிலர் நினைக்கலாம். வேண்டாம். துரியனும் ரம்புட்டானும் மங்குஸ்தானும் தென்கிழக்கு ஆசியாவிலிருந்து வந்த விருந்தாளிகள். தோட்டத்தில் இருக்கட்டும், காட்டுக்குள் அனுப்பக் கூடாது. விறகுக்கு ஆகும் என்று கொண்டுவந்த சீமைக்கருவேலம் இன்று குளங்களையெல்லாம் பிடித்துக்கொண்டு போக மாட்டேன் என்கிறதே, பார்க்கவில்லையா? காட்டுக்கு நட ஏற்கெனவே ஆட்கள் இருக்கிறார்கள். இருவாச்சிப் பறவை, பழந்தின்னி வௌவால், மரநாய், யானை. சம்பளம் கேட்காத தோட்டக்காரர்கள்!

பனையின் கணக்கு

இனி மேற்கை விட்டு கிழக்கே வாருங்கள். தென்காசியில் இருந்து சங்கரன்கோவில் பக்கம் போகப் போக சாரல் குறைந்து வெயில் ஏறும். பலா மறைந்து பனை தெரியும். பலா மாநிலப் பழம் என்றால், பனை மாநில மரம். ஒரே மாவட்டத்தில் இரண்டுக்கும் வீடு இருக்கிறது.

செங்கல் சூளைக்கு விறகாக நிறையப் பனைகள் வெட்டுப்பட்டன. இதைத் தடுக்க, 2021 ஆகஸ்டில் தமிழக அரசு போட்ட முதல் வேளாண் பட்ஜெட்டில் இரண்டு அறிவிப்புகள் வந்தன. பனையை வெட்ட வேண்டுமானால் கலெக்டரின் அனுமதி வேண்டும் என்பது ஒன்று. 30 மாவட்டங்களில் 76 லட்சம் பனை விதைகளும் ஒரு லட்சம் கன்றுகளும் கொடுக்கப்படும் என்பது இன்னொன்று. அதற்குப் பிறகு குளத்துக்கரைகளில் மாணவர்களும் ஊர்க்காரர்களும் பனை விதை நடும் படங்கள் செய்தித்தாள்களில் அடிக்கடி வருகின்றன.

நல்ல செய்திதான். ஆனால் செய்தியைப் படிக்கும்போது ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேட்க வேண்டும். 76 லட்சம் என்பது விதைக் கணக்கா, மரக் கணக்கா? பத்தில் ஒன்று பிழைத்தால் 7 லட்சத்து 60 ஆயிரம் மரம். இரண்டில் ஒன்று பிழைத்தால் 38 லட்சம் மரம். எவ்வளவு பெரிய வித்தியாசம்! நட்ட அன்று போட்டோ எடுக்க நூறு பேர் வருகிறார்கள். மூன்று வருடம் கழித்து எண்ணிப் பார்க்க யார் வருகிறார்கள்? என்னைக் கேட்டால், நட்ட எண்ணிக்கையை விட நிற்கும் எண்ணிக்கையைத்தான் பெரிய எழுத்தில் போட வேண்டும்.

பனைக்கு ஒரு வசதியும் இருக்கிறது. ஒரு வம்பும் இருக்கிறது. வசதி என்னவென்றால், அது கன்றை மண்ணுக்கு மேலே வளர்ப்பதில்லை. கொட்டையிலிருந்து ஒரு குழாய் மாதிரி முளை கிளம்பி, நேராகப் பூமிக்குள் போகும். ஓரடி, இரண்டடி ஆழம் போன பிறகுதான் அங்கே கன்று உருவாகும். பல மாதம் கழித்து ஓர் ஒற்றை ஓலை மேலே தலைகாட்டும். ஆடு அதைக் கடித்தாலும் குருத்து பூமிக்குள் பத்திரமாக இருப்பதால் மறுபடி ஓலை விடும். வேலி வேண்டாம், தினமும் தண்ணீரும் வேண்டாம்.

வம்பு என்னவென்றால், அந்தக் கன்றைத்தான் பொங்கலுக்கு நாம் அவித்துத் தின்கிறோம்! ஆமாம், பனங்கிழங்கு என்பது வேறு எதுவும் அல்ல, பிறந்து மூன்று நான்கு மாதமான பனைக் குழந்தைதான். கிழங்குக்காகத் தனியாகப் பாத்தி கட்டிப் போடுவதைத் தோண்டலாம். குளத்துக்கரையில் மரத்துக்காக நட்டதைத் தோண்டக் கூடாது. முளைத்த கொட்டையை உடைத்தால் உள்ளே வெள்ளையாக, பஞ்சு போல, இனிப்பாக ஒன்று இருக்குமே, தவுண், அது கடினமான பருப்பை உறிஞ்சிக் கன்றுக்கு ஊட்டும் பால்புட்டி.

ஆட்டுக்குப் பயப்படாத பனை எதற்குப் பயப்படும்? ஜேசிபிக்குத்தான். குளம் ஆழப்படுத்தவும், கரையைச் சீராக்கவும் வரும் எந்திரம், மேலே ஒற்றை ஓலை மட்டும் தெரியும் இரண்டு வயதுப் பனையைப் புல் என்று நினைத்து வழித்துவிடும்.  பதநீரோ நுங்கோ தர அதற்கு 12, 15 வருடமாவது ஆகும். ஐந்தாவது படிக்கும்போது நீங்கள் நட்டது காய்க்கும்போது நீங்கள் வேலைக்குப் போய்க்கொண்டிருப்பீர்கள். அதுவும் அது பூக்கும் வரை ஆண் பனையா பெண் பனையா என்று யாராலும் சொல்ல முடியாது. பெண் பனைதான் நுங்கு தரும்.

பனங்கொட்டையும் ரொம்ப நாள் பொறுக்காது. காயக் காய முளைப்புத் திறன் குறையும். பழம் விழுவது ஆவணி, புரட்டாசியில். அடுத்த மாதமே ஐப்பசி மழை. மரம் போட்டு வைத்திருக்கும் டைம்டேபிள் அது. அதனால் போன வருடக் கொட்டையை மூட்டையில் வைத்திருந்து எடுத்து வந்து நடும் விழாக்களில் எண்ணிக்கை எத்தனை ஆயிரமாக இருந்தாலும் சந்தேகப்படலாம்.

உங்கள் ஊர்க் குளத்துக்கரையில் யாராவது நட்டிருந்தால், எத்தனை நட்டார்கள், எந்த மாதம் நட்டார்கள் என்று பெரியவர்களிடம் விசாரியுங்கள். பொங்கல் விடுமுறையில் ஒரு தடவை, முழு ஆண்டு விடுமுறையில் ஒரு தடவை, பெரியவர் ஒருவரோடு கரையில் நடந்து ஒற்றை ஓலைகளை எண்ணி நோட்டில் எழுதுங்கள். நீங்களே நடுவதாக இருந்தால், நார் போகக் கழுவிய புதுக் கொட்டையாக எடுங்கள். ஒரு பழத்தில் மூன்று கொட்டை வரை இருக்கும். பிரித்து, ஓரடிக் குழியில் ஒன்று என்று, பத்தடி இடைவெளி விட்டு வையுங்கள். பக்கத்தில் ஒரு கல்லும் நட்டு வையுங்கள். ஓலை வர மாதக்கணக்காகும், அதற்குள் இடம் மறந்துபோகும்.